இணையச் சேவையும் தாலுகா ஆபீஸ் ஜன்னலும்

இணையச் சேவை எழுதக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஐ.டி.இ.யைத் திறந்து கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. முதல் வாரத்துக்குப் பேப்பர், பேனா, நோட்பேட் போதும். இரண்டாவது வாரம் ஐ.டி.இ. வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இதைச் சொல்ல ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தாவுக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, தமிழ்நாடு அரசில் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன் நான். சேலம் மாவட்டத்தின் சில தாலுகாக்களிலும், 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டம் ஆன பிறகு அந்தப் பக்கத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் பணிக்காலத்தில் பெரிய ஒட்டுறவு கிடையாது. இரண்டு வருஷமாகத்தான் பி.சி.ஏ. படிக்கும் என் பேத்தியோடு உட்கார்ந்து பைதான் பழகுகிறேன். அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். நான்கு பேருக்கும் ஒரே மேஜை, ஒரே ஃபேன்.

நிரல் எழுதுவதில் அந்தப் பிள்ளைகள் எனக்குக் குரு. ஆனால் இணையச் சேவை என்ற பாடம் வந்தபோது மட்டும் நிலைமை கொஞ்சம் மாறியது. அது நான் முப்பது வருஷத்துக்கு மேல் செய்த வேலையாக இருந்தது!

இணையச் சேவை என்பது என்ன?

இணையதளம் வேறு, இணையச் சேவை வேறு. இணையதளம் மனிதர் கண்ணுக்கு. படம் இருக்கும், வண்ணம் இருக்கும், பொத்தான் இருக்கும். இணையச் சேவை ஒரு கணினி இன்னொரு கணினியிடம் கேட்டு வாங்குவதற்கு. டீக்கடையில் யு.பி.ஐ.யில் பத்து ரூபாய் அனுப்புகிறோம், கல்லாப் பெட்டி பக்கத்தில் இருக்கும் சின்ன டப்பா "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிறது. நம் வங்கி, கடைக்காரர் வங்கி, நடுவில் இருக்கும் அமைப்பு எல்லாம் அந்தச் சில விநாடிக்குள் ஒன்றையொன்று கேட்டுப் பதில் வாங்கியிருக்கின்றன. டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியல் வந்து விழுவதும் இப்படித்தான்.

தாலுகா ஆபீஸில் முன்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு, ஜனங்கள் வந்து மனுக் கொடுக்க. அதோடு தபால் பிரிவு என்று ஒன்று உண்டு, மற்ற ஆபீஸ்களிலிருந்து வரும் தபாலை வாங்க. இணையச் சேவை அந்தத் தபால் பிரிவு. வருகிற தபாலுக்கு முகவரி வேண்டும், யார் அனுப்பியது என்று தெரிய வேண்டும், என்ன கேட்கிறார் என்று தெரிய வேண்டும். வந்ததும் ந.க. எண் போட்டுத் தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கடைசியில் பதில் போக வேண்டும். எங்கள் காலத்தில் இந்த முறைக்கு டாட்டன்ஹாம் முறை என்று பெயர். மதராஸ் மாகாணத்தில் இருந்த ஓர் ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வந்தது. பதில் போகாத தாள் ஒன்றுகூடப் பதிவேட்டில் மறைந்து கிடக்க முடியாது என்பதுதான் அதன் உயிர்.

இணையச் சேவையிலும் இதே கதைதான். 'கெட்' என்றால் பதிவேட்டைப் பார்த்துச் சொல் என்று அர்த்தம். 'போஸ்ட்' என்றால் புது மனு. 'டெலீட்' என்றால் பதிவை நீக்கச் சொல்லும் கோரிக்கை. கூடவே வரும் தலைப்பு வரிகள் தபால் உறையின் மேல் எழுதியிருப்பவை. உள்ளே இருக்கும் ஜேசன் என்பதுதான் மனுவின் வாசகம். பேத்தியின் சிநேகிதிகளுக்கு இதைச் சொன்னபோது, "அவ்வளவுதானுங்களா தாத்தா?" என்றார்கள். அவ்வளவுதான். மீதி எல்லாம் விவரம்.

பதிலுக்கு ஒரு எண்

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பதில் எண்கள். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லையில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் முன்மொழிந்த திட்டத்திலிருந்துதான் இந்த வலை முழுவதும் வளர்ந்தது. அதில் கேள்விக்குப் பதில் அனுப்பும் முறையில், ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று இலக்க எண் ஒன்று முன்னால் வரும். 404 என்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மற்றவற்றையும் ஆபீஸ் பாஷையில் எழுதிப் பார்த்தேன்.

200 என்றால் கேட்டது இதோ. 201 என்றால் மனு பதிவாகிவிட்டது, இதுதான் அதன் எண். 202 என்றால் பெற்றுக்கொண்டோம், இன்னும் முடிவு எடுக்கவில்லை. அதாவது ஒப்புகைச் சீட்டு. 301 என்றால் அந்த செக்‌ஷன் மாடிக்குப் போய்விட்டது, இனிமேல் அங்கே போங்கள். 400 என்றால் மனுவில் குறை, திருத்திக் கொண்டு வாருங்கள். 401 என்றால் நீங்கள் யார் என்று முதலில் காட்டுங்கள். 403 என்றால் நீங்கள் யார் என்று தெரியும், ஆனால் இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. 404 என்றால் அப்படி ஒரு பதிவே இல்லை. 409 என்றால் நீங்கள் கேட்பது ஏற்கெனவே உள்ள பதிவோடு மோதுகிறது. 500 என்றால் தவறு எங்களுடையது. 503 என்றால் இப்போது ஆபீஸ் வேலை செய்யவில்லை, பிறகு வாருங்கள்.

இதில் ஒரு கோடு இருப்பதைக் கவனியுங்கள். 4-ல் ஆரம்பித்தால் குறை கேட்டவர் பக்கம். 5-ல் ஆரம்பித்தால் குறை ஆபீஸ் பக்கம். யார் பக்கம் தவறு என்று பதிலின் முதல் இலக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று விதி எழுதியவர்கள் நல்ல குமாஸ்தாக்களாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த விதியை மதிக்காமல் சேவை எழுதுகிறவர்கள் நிறைய. என்ன நடந்தாலும் 200 என்று அனுப்பிவிட்டு, உள்ளே வாசகத்தில் 'தோல்வி' என்று எழுதுவார்கள். மேலுறையில் 'ஏற்கப்பட்டது' என்று முத்திரை, உள்ளே 'நிராகரிக்கப்பட்டது' என்று கடிதம். எங்கள் ஆபீஸில் யாராவது இப்படிச் செய்திருந்தால் மெமோ வாங்கியிருப்பார்.

ஐ.டி.இ. என்ன செய்கிறது

இப்போது ஐ.டி.இ. பற்றிச் சொல்கிறேன். நிரல் எழுதும் பலகை, அதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கருவி, பிழை தேடும் கருவி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்த பட்டறை அது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங், தச்சு வேலை, பெயின்ட் எல்லாம் ஒரே கொட்டகையில் நடக்கும் அல்லவா, அது மாதிரி.

இதைப் பரவலாக்கியதில் பாரிஸில் பிறந்த ஒருவருக்குப் பங்கு உண்டு என்று தெரிந்தபோது எனக்குச் சின்னப் பெருமை. ஃபிலிப் கான் நடத்திய போர்லாண்ட் கம்பெனி 1983-ல் டர்போ பாஸ்கலை 49 டாலர் 95 சென்ட்டுக்கு விற்றது. எழுதுவது, மாற்றுவது, ஓட்டிப் பார்ப்பது எல்லாம் ஒரே திரையில். அதே கம்பெனியின் டர்போ சி-யின் நீலத் திரைதான் நம் ஊர்க் கல்லூரிகளில் வெகுகாலம் ஓடியது. பிராக் நகரில் 1996-ல் மாணவர்கள் ஆரம்பித்த வேலைதான் பிறகு நெட்பீன்ஸ் ஆனது. 2001-ல் ஐ.பி.எம். எக்லிப்ஸை இலவசமாகத் திறந்துவிட்டது. 2015-ல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட் வந்தது. அது வெறும் எழுதும் பலகைதான் என்பார்கள், ஆனால் துணைக் கருவிகளைச் சேர்த்தால் முழுப் பட்டறை. எங்கள் மேஜையில் இருப்பது அதுதான். அதற்குப் பிரெஞ்சு மொழிப் பொதி இருக்கிறது. என் கணக்கில் மெனுவைப் பிரெஞ்சுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஐ.டி.இ.யின் நன்மையை நான் மறுக்கவில்லை. தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டால் அந்த இடத்தில் சிவப்பு நெளிகோடு போட்டுக் காட்டுகிறது. இரண்டு எழுத்து அடித்தால் மீதிச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஒரு வரியில் நிறுத்தி, அந்த நிமிஷம் எந்தப் பெட்டியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். ஆங்கிலத்தைக் கண்டு பயப்படுகிற பிள்ளைக்கு இது பெரிய தைரியம். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட எனக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்ளலாம் என்பதே பெரிய வசதி.

அப்புறம் எனக்கு என்ன குறை? அது முதல் ஆசிரியராக வந்து உட்கார்ந்து கொள்வதுதான்.

மைனஸ் பன்னிரண்டு டிகிரி

பேத்தியின் சிநேகிதிகளில் ஒரு பெண்ணின் அப்பா பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். கல்லூரிப் படிப்போடு இதையும் படித்தால் வேலை கிடைக்கும் என்று சொன்னார்கள் என்பதற்காகக் கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்தார். எந்த சென்டர் என்பது இங்கே முக்கியமில்லை. மூன்று மாதம் படித்து, இணையச் சேவை செய்ததாகச் சான்றிதழும் வாங்கி வந்தாள்.

என்ன செய்தாய் அம்மா, காட்டு என்றேன். விஷுவல் ஸ்டுடியோவைத் திறந்தாள். புது வேலை, இணையச் சேவை என்று தேர்ந்தெடுத்தாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். இரண்டு நிமிஷத்தில் ஒரு சேவை ஓட ஆரம்பித்துவிட்டது. ஐந்து நாளைக்கான வானிலை அறிக்கை! பார்த்தால் மைனஸ் 12 டிகிரி என்று வருகிறது. பங்குனி வெயிலில் வேர்த்து வடிய உட்கார்ந்துகொண்டு இதைப் பார்த்தோம்.

அது ஐ.டி.இ. தானாகவே போட்டுக் கொடுக்கும் மாதிரி நிரல். அந்த வெப்பநிலைகள் குருட்டாம்போக்கில் எடுத்த எண்கள். சென்டரில் வானிலை என்று இருந்த இடத்தில் மாணவர் என்று பேர் மாற்றி, நான்கு களம் சேர்த்து, அதையே புராஜெக்ட் என்று முடித்திருக்கிறார்கள்.

"இல்லாத மாணவர் எண்ணைக் கேட்டால் என்னம்மா பதில் வரும்?" என்றேன்.

"தெரியலைங்க தாத்தா. இருக்கிறதைத்தான் கேட்டுப் பார்த்தோம். மத்ததெல்லாம் அதுவே பார்த்துக்கும்னு சொன்னாங்க."

அந்த மாதிரி நிரலை நான் வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். அதில் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. போனால் ஐந்து நாள் கணக்கைக் கொடுக்கும். ஆகவே மறுக்க வேண்டிய சந்தர்ப்பமே அதில் வராது. ஜன்னலுக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே தாளை நீட்டுகிற குமாஸ்தா. அதைப் பார்த்துப் படித்த பிள்ளைக்கு, மனுவில் குறை இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியே எழாது.

சேலத்தில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் கொடுக்கவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்து, உலாவியிலிருந்து ஒரு கேள்வி கிளம்பிப் பதில் திரும்பி வரும் வரை நடப்பதை எழுது என்றார்கள். அவளால் எழுத முடியவில்லை. கேட்டவர் மேல் தப்பில்லை, அது அடிப்படைக் கேள்வி. அவள் மேலும் தப்பில்லை, அவளுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. கடனுக்கு வட்டி மட்டும் அவள் அப்பா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது இன்னொரு சௌகரியமும் சேர்ந்திருக்கிறது. என்ன வேண்டும் என்று எழுதினால் செயற்கை நுண்ணறிவு நூறு வரியைக் கொட்டிக் கொடுக்கிறது. ஐ.டி.இ.க்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கீழே இருப்பவர் எழுதி வைத்த வரைவைப் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிற மேலதிகாரியும் உண்டு, படிக்காமல் போடுகிறவரும் உண்டு. இரண்டாமவர் நிலைமை என்ன ஆகும் என்று ஆபீஸில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

கொல்லிமலையிலிருந்து வருகிறவர்

இது வேலை கிடைப்பதைப் பற்றிய கவலை மட்டும் இல்லை. இன்று பட்டா பார்ப்பது, வில்லங்கச் சான்று எடுப்பது, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, எல்லாம் இணையம் வழியாகத்தான். இ-சேவை மையத்தில் இருக்கும் பெண் ஒரு பொத்தானை அழுத்தும்போது பின்னால் எங்கோ ஒரு சேவை பதில் சொல்கிறது. நாளைக்கு அந்தச் சேவைகளை எழுதப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். அவர்கள் எழுதுகிற பதிலை வாங்கப் போகிறவர்கள் நம் ஜனங்கள்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த தலைமை எழுத்தர் ஒரு விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. மனுவைத் திருப்பினால் காரணம் எழுதித் திருப்ப வேண்டும். அதுவும் எல்லாக் குறையையும் ஒரே தடவையில் எழுத வேண்டும். இன்றைக்கு ரேஷன் கார்டு நகல் இல்லை என்று அனுப்பி, அடுத்த வாரம் வந்தவரிடம் முத்திரை வில்லை ஒட்டவில்லை என்று சொல்லி, மூன்றாவது தடவை கையெழுத்து இல்லை என்று திருப்பினால் விடமாட்டார். "அந்த ஆள் கொல்லிமலையிலிருந்து வர்றார்யா. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர்றார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் கூலி போகுது. உன் சம்பளத்திலிருந்தா கொடுப்பே?" என்பார்.

இணையச் சேவை எழுதுகிற பிள்ளைக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். விண்ணப்பத்தில் மூன்று களம் தப்பாக இருந்தால் மூன்றையும் ஒரே பதிலில் சொல்ல வேண்டும். சில நிரல் கட்டமைப்புகள் குறைகளைத் தொகுத்துத் தாமே திருப்பி அனுப்பும் வசதியோடு வருகின்றன. ஃபாஸ்ட்-ஏ.பி.ஐ. அப்படிச் செய்வதைப் பார்த்தேன். ஆனால் அது சொல்லும் வாசகம் ஆங்கிலத்தில், நிரலருக்குப் புரிகிற பாஷையில். அதை ஜன்னலில் நிற்பவருக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதுவது மனிதர் வேலை.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி ஓர் இணையதளத்தில் பணம் கட்டினார். பணம் கணக்கிலிருந்து போய்விட்டது. திரையில் 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்' என்று வந்தது. யார் தவறு? பணம் போய்ச் சேர்ந்ததா? மறுபடி கட்டினால் இரண்டு தடவை ஆகுமா? ஒன்றும் தெரியவில்லை. எண் கொடுக்கவில்லை, ஒப்புகை இல்லை. நான்கு நாள் தூக்கமில்லாமல் அலைந்தார். அந்தச் சேவையை எழுதியவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தி ஓடுகிறதா என்று பார்க்கத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

முட்டை விலைப் பாடம்

குறை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. நாங்கள் செய்து பார்த்த முறையைச் சொல்கிறேன்.

முதல் நாள் கம்ப்யூட்டரே இல்லை. நாமக்கல் முட்டை விலையை எடுத்துக்கொண்டோம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கிற விலை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு நோட்டில் தேதி, விலை என்று இரண்டு கட்டம் போட்டுப் பத்து நாள் விலையை எழுதினோம். ஒரு பெண் சேவை. மற்றவர்கள் கேட்பவர்கள். துண்டுச் சீட்டில் எழுதித்தான் கேட்க வேண்டும், சீட்டில்தான் பதில் வர வேண்டும், பதிலின் மேலே மூன்று இலக்க எண் இருக்க வேண்டும்.

என் பேத்தி முதல் சீட்டில் ஒழுங்காக ஒரு தேதியைக் கேட்டாள். 200, விலை வந்தது. அடுத்து நான் பிப்ரவரி 31 என்று கேட்டேன். சேவைப் பெண் யோசித்துவிட்டு 404 என்று எழுதினாள். அப்படி ஒரு நாளே கிடையாதே, கேள்வியிலேயே குறை அல்லவா என்று மற்றவள் சண்டைக்குப் போனாள். கடைசியில் 400 என்று முடிவானது. நோட்டில் இல்லாத, ஆனால் சரியான ஒரு தேதியைக் கேட்டால்தான் 404. அடுத்த சீட்டில் ஒருத்தி விலையை மாற்றி எழுதச் சொன்னாள். நீ யார் என்று கேட்டு 401. பேரைச் சொன்னாள். உனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 403. நோட்டை நான் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டுக் கேட்டேன். சேவைப் பெண் முழித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே 500 என்று எழுதினாள். அரை மணி நேரத்தில் சான்றிதழ்ப் படிப்பு மூன்று மாதத்தில் தராதது வந்துவிட்டது என்று சொன்னால் மிகை இல்லை.

ஒரே சீட்டை இரண்டு தடவை கொடுத்தால்? இது முக்கியமான கேள்வி. போன் சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரில் பொத்தானை இரண்டு தடவை அழுத்தத்தான் செய்வார்கள். 'கெட்' எத்தனை தடவை வந்தாலும் நோட்டு மாறாது. 'போஸ்ட்' இரண்டு தடவை வந்தால் இரண்டு பதிவு ஆகிவிடும். அதனால் கேட்பவர் சீட்டில் ஓர் அடையாள எண் போட வேண்டும், அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே கொடுக்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்த விவசாயிக்குப் பணம் கட்டும் இடத்தில் இது தெளிவாக இருந்திருந்தால் நான்கு நாள் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் நாள் நோட்பேடில் எழுதினோம். பைதானில் ஃபிளாஸ்க் என்ற கட்டமைப்பை வைத்துக்கொண்டு பத்து, பதினைந்து வரிக்குள் சின்னச் சேவை எழுதிவிடலாம். நெளிகோடு கிடையாது, எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. தப்பு வந்தால் முழு வரியையும் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே ஒரு கணக்குப் பாடமும் கிடைத்தது. பைதானிடம் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று சொல்கிறது. தணிக்கைக்காரர் பார்த்தால் மயங்கி விழுவார். கணினி உள்ளே இரண்டின் அடிமானத்தில் கணக்குப் போடுவதால் வருகிற வினை. ஆகவே விலையைப் பைசாவில், முழு எண்ணாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். முட்டை வியாபாரிகள் முதலிலிருந்தே பைசாவில்தான் பேசுகிறார்கள்!

இதற்கெல்லாம் பிறகுதான் ஐ.டி.இ.யைத் திறந்தோம். நிறுத்துப் புள்ளி வைத்து ஒரு கேள்வியை நடுவில் பிடித்து நிறுத்தியபோது, "தாத்தா, இது நம்ம சீட்டுதானுங்க!" என்று விசைத்தறிக்காரர் மகள் சொன்னாள். அதே ஐ.டி.இ.தான், அதே திரைதான். இந்தத் தடவை அவளுக்கு உள்ளே நடப்பது தெரிந்தது.

சொந்த மொழியில் ஒரு தடவை

கடைசியாக மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1955-ல் ஐ.பி.எம். கம்பெனியின் பிரான்ஸ் கிளை, கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் என்ன பேர் வைப்பது என்று ஜாக் பெரே என்ற பேராசிரியரைக் கேட்டது. அவர் 'ஒர்தினாத்தேர்' என்ற சொல்லைக் கொடுத்தார். ஒழுங்குபடுத்துபவன் என்று அர்த்தம் வரும். கேட்ட மாத்திரத்தில் அது என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். நமக்கும் கணினி என்ற நல்ல சொல் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் பைதான் தமிழிலும் வந்துவிட்டது. கணியம் என்ற மின்னிதழ் 2012-லிருந்து மென்பொருள் விஷயங்களை எளிய தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது. விழுப்புரம் பக்கம் லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆகவே தமிழில் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, ஆபீஸ் கோப்பில் இன்னொரு மொழி என்று இருந்தவன் நான். ஒரு விஷயம் மனதில் ஒட்ட வேண்டுமானால் ஒரு தடவையாவது வீட்டு மொழியில் அது சொல்லப்பட வேண்டும் என்பது என் அனுபவம். நிரலை ஆங்கில எழுத்தில்தான் எழுதியாக வேண்டும், அதில் தகராறு இல்லை. ஆனால் 400-க்கும் 500-க்கும் உள்ள வித்தியாசத்தை, "தப்பு உங்க மேலயா, எங்க மேலயா" என்று தமிழில் ஒரு தடவை பேசிவிட்டால் பிறகு அது எந்த மொழியிலும் மறக்காது.

கல்லூரிகளுக்கும் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. முதல் வாரத்துக்கு ஒரு நோட்டு, ஒரு கட்டுத் துண்டுச் சீட்டு. செய்முறைத் தேர்வில், சேவை ஓடுகிறதா என்பதற்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். தப்பான கேள்வி வந்தால், இல்லாத பதிவைக் கேட்டால், இரண்டு தடவை அழுத்தினால், பின்னால் தரவுத்தளம் படுத்துவிட்டால் என்ன பதில் போகிறது என்பதற்கு மீதிப் பாதியைக் கொடுங்கள். ரெக்கார்டு நோட்டில் நிரலை அச்சடித்து ஒட்டுவதற்குப் பதில் அந்த நான்கு பதிலையும் பிள்ளையின் கையெழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோரும் பணம் கட்டும் முன்பு ஒரு கேள்வி கேட்கலாம். "என் பொண்ணு எழுதற சேவை, முடியாதுன்னு எப்படிச் சொல்லும்?" இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிற இடத்தில் தைரியமாகக் கட்டுங்கள். விசைத்தறிக்காரர் மகள் அடுத்த மாதம் இன்னொரு நேர்முகத் தேர்வுக்குப் போகிறாள். வெள்ளைத் தாள் கொடுத்தால் இந்தத் தடவை எழுதுவாள்.